முதலில் தூக்கம், பிறகு மனரம்மியம்

கேள்வி: எனக்கு வயது 44, திருமணம் ஆகவில்லை. அம்மாவுக்கு 76. மூன்று வருஷத்துக்கு முன் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் சரியாக வராது. தனியார் பள்ளியில் 16,000 ரூபாய் சம்பளத்தில் பார்த்த வேலையை விட்டுவிட்டு நான்தான் பார்த்துக்கொள்கிறேன். அண்ணன் சென்னையில், தங்கை துபாயில். "உனக்கென்ன குடும்பமா குட்டியா, நீதானே பாக்கணும்" என்கிறார்கள். அம்மாவுக்கு வரும் குடும்ப ஓய்வூதியம் 14,000, அண்ணன் அனுப்புவது 5,000, டியூஷனில் 3,000. இதில்தான் எல்லாம் ஓடுகிறது. ராத்திரி இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்திருக்கிறேன். ஆள் வைக்கலாம் என்றால் ஒரு ராத்திரிக்கு 700 கேட்கிறார்கள். ஆராதனைக்குப் போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. போன மாதம் வீட்டுக்கு வந்த சபை அக்கா ஒருவர் பிலிப்பியர் 4:11ஐ வாசித்து, "போதும்கிற மனசு வேணும்மா, முறுமுறுக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று ராத்திரி முழுக்க அழுதேன். தங்கை போடும் ஸ்டேட்டஸைப் பார்த்தால் வயிறு எரிகிறது. கர்த்தர் கொடுத்த எல்லைக்குள் திருப்தியாக இருக்க முடியாதது பாவமா? சில ராத்திரிகளில் அம்மாவும் நானும் சேர்ந்தே போய்விட்டால் தேவலை என்று தோன்றுகிறது.
— ஒரு சகோதரி, திருநெல்வேலி மாவட்டம்

பதில்:

அன்புச் சகோதரி,

உங்கள் கடிதத்தின் கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன். மற்ற எல்லாவற்றையும்விட அவசரமானது அதுதான். அந்த எண்ணம் எப்போதாவது வந்து போகிறதா, அடிக்கடி வருகிறதா, எப்படி என்று யோசிக்கும் அளவுக்குப் போயிருக்கிறதா? எப்போதாவது வருகிறது என்றாலும் இந்த வாரமே ஒரு மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். அம்மாவைப் பார்க்கும் டாக்டரிடமே சொல்லலாம். யோசிக்கும் அளவுக்குப் போயிருந்தால் நாளை என்று தள்ளாமல் இன்றே 14416 என்ற டெலிமானஸ் எண்ணுக்குப் பேசுங்கள். அரசு நடத்தும் இலவச மனநல உதவி எண் அது. இரவு இரண்டு மணிக்கும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். பேசிவிட்டு, பக்கத்து வீட்டிலோ சொந்தத்திலோ நம்பிக்கையான ஒருவரை அன்று ராத்திரி உங்களோடு இருக்கச் சொல்லுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல், பசி குறைந்து, தூங்க வாய்ப்புக் கிடைத்தும் தூக்கம் வராமல் இருந்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அதற்குச் சிகிச்சை உண்டு. மருந்து எடுப்பது விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால், அம்மாவுக்குப் பிரஷர் மாத்திரை கொடுப்பது விசுவாசக் குறைவா என்று கேளுங்கள்.

இப்படி ஒரு எண்ணம் வந்ததாலேயே கர்த்தருக்குத் தூரமாகிவிட்டதாக நினைக்காதீர்கள். எண்ணாகமம் 11ஆம் அதிகாரத்தில் மோசே, இந்த ஜனங்களையெல்லாம் நான் ஒருவனாகத் தாங்க முடியாது, இதற்கு என்னைக் கொன்றுபோடும் என்று தேவனிடமே சொல்கிறார். தேவன் அவரைக் கண்டிக்கவில்லை, போதும் என்ற மனதோடு இரு என்றும் சொல்லவில்லை. மூப்பரில் 70 பேரைக் கூட்டிக்கொண்டு வா, நீ ஒருவனாய்ச் சுமக்காதபடி அவர்கள் உன்னோடு சுமக்கட்டும் என்கிறார். 1 இராஜாக்கள் 19இல் சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும் என்ற எலியாவுக்கு என்ன கிடைத்தது? தூக்கம், தழலில் சுட்ட அடை, ஒரு பாத்திரம் தண்ணீர். மறுபடி தூக்கம், மறுபடி சாப்பாடு. பேச்சுவார்த்தையெல்லாம் அதற்குப் பிறகுதான்.

உங்களுக்குச் சொல்ல விரும்புவது இதே வரிசையைத்தான். முதலில் தூக்கம். அடுத்து, சுமையைப் பங்கு போடுவது. அதன்பிறகு, மீதி இருக்கும் எல்லைக்குள் மனரம்மியமாக, அதாவது போதும் என்ற மனதோடு, இருக்கக் கற்பது. உங்களுக்குச் சொல்லப்பட்ட ஆலோசனை இந்த மூன்றையும் தலைகீழாக்கிவிட்டது. அதனால்தான் அது ஆறுதலாக இல்லாமல் அடியாக விழுந்தது.

அந்த அக்கா வாசித்த பகுதியையே இன்னும் சில வசனம் தள்ளி வாசியுங்கள். எந்த நிலைமையிலிருந்தாலும் மனரம்மியமாயிருக்கக் கற்றுக்கொண்டேன் என்று 11ஆம் வசனத்தில் சொல்லும் பவுல், 13இல் கிறிஸ்துவினாலே எல்லாவற்றையும் செய்யப் பெலனுண்டு என்கிறார். உடனே 14இல், ஆகிலும் நீங்கள் என் உபத்திரவத்தில் என்னோடு உடன்பட்டது நலமாயிருக்கிறது என்கிறார். பிலிப்பி சபையார் எப்பாப்பிரோதீத்து என்பவரின் கையில் கொடுத்தனுப்பிய உதவியைப் பெற்றுக்கொண்டதாகவும் எழுதுகிறார். இந்த நிருபத்தைச் சிறையிலிருந்து எழுதும் பவுல் உதவியை மறுக்கவில்லை, எனக்கு ஒன்றும் தேவையில்லை என்று நடிக்கவுமில்லை. இதே நிருபத்தின் 2ஆம் அதிகாரத்தில், அந்த எப்பாப்பிரோதீத்து நோயில் இறந்துபோயிருந்தால் தனக்குத் துக்கத்தின்மேல் துக்கமாகியிருக்கும் என்று ஒளிக்காமல் எழுதுகிறார். ஆக, மனரம்மியத்தோடு கண்ணீரும் இருக்கலாம், உதவி கேட்பதும் இருக்கலாம். "கற்றுக்கொண்டேன்" என்று பவுலே சொல்லும்போது, மூன்று வருஷமாகச் சரியாகத் தூங்காத உங்களுக்கு அது இன்னும் கைவரவில்லை என்பது பாவம் ஆகாது.

ஒரு நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். உங்களை நெருக்கும் விஷயங்களை ஒவ்வொன்றாக எழுதி, பக்கத்தில் அது எந்த வகை என்று குறியுங்கள். அம்மாவின் வலது கையும் காலும் பழையபடி ஆவது கடினம், மூன்று வருஷம் கடந்துவிட்டது. உங்கள் வயதும் அப்படித்தான், மாறாது. இவைதான் எல்லைகள். ராத்திரி முழுவதும் நீங்களே எழுந்திருப்பது, அண்ணனிடமிருந்து 5,000 மட்டும் வருவது, ஞாயிற்றுக்கிழமை வெளியே போக முடியாதது ஆகியவை எல்லைகள் அல்ல, யாரோ செய்துவிட்ட ஏற்பாடுகள். ஏற்பாட்டை மாற்றலாம். மூன்றாவதாக, உங்கள் கணக்கிலேயே வராதவை உண்டு. மதினி என்ன நினைக்கிறாள், தங்கை எங்கே விடுமுறைக்குப் போனாள், அம்மா ஏன் இன்னும் எழுந்து நடக்கவில்லை என்று சொந்தக்காரர்கள் கேட்பது, இவையெல்லாம் அந்த வகை. பெரும்பாலோர் இரண்டாம் வகையை முதல் வகையில் எழுதிவிடுவார்கள். "அண்ணன் மாறவே மாட்டான்" என்று எழுதத் தோன்றும்போது, தெளிவாக ஒரு தொகையும் தேதியும் சொல்லி அவரிடம் கேட்டதுண்டா என்று பாருங்கள். கேட்டதில்லை என்றால் அது இன்னும் இரண்டாம் வகைதான். போதும் என்ற மனம் வேண்டியது முதல் வகைக்கு. இரண்டாம் வகைக்கு வேண்டியது தைரியம். அடிமையாய் அழைக்கப்பட்டவனிடம் கவலைப்படாதே என்று சொல்லும் பவுலே, விடுதலையாகக் கூடுமானால் அதையே தெரிந்துகொள் என்றும் 1 கொரிந்தியர் 7:21இல் சேர்த்துச் சொல்கிறார்.

இனி ராத்திரி விஷயம். படுக்கைப் புண் வராமல் இருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைப்பது பொதுவான விதி. ஆனால் எல்லோருக்கும் எப்போதும் அதே இடைவெளி தேவைப்படுவதில்லை. காற்று மாறி மாறி ஏறி இறங்கும் ஏர் பெட் போட்டு, தோல் நன்றாக இருந்தால், சிலருக்கு இரவில் இடைவெளியைக் கூட்ட மருத்துவக் குழு சம்மதிப்பதுண்டு. தோலைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். தண்டுவடத்தின் அடிப்பகுதி, இடுப்பெலும்பு, குதிகால், பக்கவாதம் வந்த பக்கத் தோள், இந்த இடங்களைக் காலையிலும் மாலையிலும் பாருங்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்துப் பிறகு சிவக்க வேண்டும். வெளுக்காமல் அப்படியே சிவப்பாக இருந்தால் புண்ணின் தொடக்கம். அந்த இடத்தின் மேல் பாரம் விழவே கூடாது, நர்ஸிடம் காட்ட வேண்டும். இடைவெளியைக் கூட்டும் பேச்சு அப்போது கிடையாது. ஒருக்களிக்கும்போது முழுக்கப் பக்கவாட்டில் படுக்கவைக்காமல், முதுகுக்குப் பின்னால் தலையணை கொடுத்துச் சாய்வாக வையுங்கள். அப்போது இடுப்பெலும்பின் மேல் பாரம் குறையும்.

சிறுநீருக்காக எழுப்புகிறாரா? நீர் பிரியும் மாத்திரை சாயங்காலம் கொடுக்கப்படுகிறதா என்று சீட்டைப் பாருங்கள். காலைக்கு மாற்றலாமா என்று டாக்டரைக் கேளுங்கள், நீங்களாக மாற்றாதீர்கள். அப்படி ஒரு மாத்திரை நேரத்தை மாற்றினாலே ஒருமுறை எழும்புவது குறையக்கூடும்.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். படுக்கையில் இருப்பவர்களுக்கு வீட்டுக்கு வந்து பிசியோதெரபியும் வலி நிவாரண ஆதரவுச் சிகிச்சையும் கொடுப்பதும் அதிலேயே அடக்கம். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் அம்மாவின் ஆதார், பழைய டிஸ்சார்ஜ் சீட்டு இரண்டையும் காட்டிப் பெயரைப் பதியச் சொல்லுங்கள். இப்போது தனியார் பிசியோவுக்குக் கொடுப்பதில் ஒரு பகுதி மிஞ்சினாலும் ராத்திரி ஆளுக்கு உதவும்.

ராத்திரி ஆள் ஆடம்பரம் இல்லை, சகோதரி. வாரத்தில் இரண்டு ராத்திரியாவது நீங்கள் வேறு அறையில், கதவைச் சாத்திக்கொண்டு தொடர்ந்து ஏழு மணி நேரம் தூங்க வேண்டும். செவ்வாயும் வெள்ளியும் என்று வைத்தால் மாதத்துக்கு 8 அல்லது 9 ராத்திரி. 9 என்றே கணக்கிட்டால் 6,300 ரூபாய். அண்ணனும் தங்கையும் பாதிப் பாதி என்றால் ஆளுக்கு 3,150.

இதை அவர்களிடம் எப்படிக் கேட்பது என்பதில்தான் பல வீடுகளில் காரியம் கெடுகிறது. ராத்திரி பதினோரு மணிக்கு, அழுதுகொண்டே, "நீங்க யாரும் எட்டிக்கூடப் பாக்கல" என்று தொடங்கினால் பேச்சு பழைய சண்டைகளுக்குப் போய்விடும். போனை வைக்கும்போது இரு பக்கமும் காயம் இருக்கும், தொகை ஒன்றும் முடிவாகியிருக்காது. அதனால் ஒரு மாதத்துச் செலவை முதலில் எழுதுங்கள். டயப்பர், மருந்து, பிசியோ, சாப்பாடு, கரண்ட், ஆட்டோ எல்லாவற்றையும் பில்லோடு எழுதுங்கள். கடைசி வரியில், நீங்கள் விட்டுவந்த 16,000 சம்பளத்தையும் எழுதுங்கள். சண்டைக்காக அல்ல, அதுவும் இந்த வீட்டுக்கான செலவுதான் என்பதற்காக. அதை முதல் நாளே இருவருக்கும் போட்டோ எடுத்து அனுப்பிவிட்டு, ஞாயிறு மதியம் மூன்று பேரும் சேர்ந்து பேசும்படி ஒரே அழைப்பில் கூப்பிடுங்கள். தனித்தனியாகப் பேசினால் ஒருவர் மற்றவரைக் கைகாட்டுவார். பேச்சு இப்படி இருக்கலாம்:

"அண்ணே, அம்மாவை நான் பாத்துக்கிடுதேன், அதுல மாத்தமில்ல. ஆனா எனக்கு ராத்திரித் தூக்கமே இல்ல, உடம்பு தாங்கல. வாரத்துக்கு ரெண்டு ராத்திரி ஆள் வைக்கணும், மாசம் 6,300 ஆகும். நீயும் தங்கச்சியும் பாதிப் பாதி போடுங்க. அடுத்த மாசம் அஞ்சாம் தேதியிலருந்து வேணும். வருஷத்துல ரெண்டு தடவை, பத்துப் பத்து நாள் நீங்க யாராவது வந்து அம்மாகூட இருக்கணும். அந்தப் பத்து நாள் நான் வெளியூர் போவேன்."

அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். விளக்கம் கூட்டக் கூட்டக் கேட்பது மன்னிப்புக் கேட்பதுபோல் ஆகிவிடும். "யோசிச்சுச் சொல்றேன்" என்றால், "புதன்கிழமைக்குள்ள சொல்லுங்க" என்று கேளுங்கள். பேசி முடித்ததும் ஒத்துக்கொண்டதை மூன்றே வரியில் குடும்பக் குழுவில் எழுதிப் போடுங்கள். அம்மாவை நடுவில் வைத்துப் பேசாதீர்கள், வீடியோ கால் கூடவே கூடாது. பக்கவாதத்துக்குப் பிறகு சிலருக்கு அழுகையைக் கட்டுப்படுத்தும் நரம்புப் பாதை பாதிக்கப்பட்டிருக்கும், சின்ன விஷயத்துக்கும் அழுவார்கள். மகனைத் திரையில் பார்த்து அவர் அழுதால் எல்லோரும் கலங்கிப்போய், கேட்க வந்த தொகை பேசப்படாமலே போய்விடும். மகனைப் பார்த்து அழும் அதே அம்மா, சோறு ஊட்டும் உங்கள் கையைத் தட்டிவிடுவதும் உண்டாக இருக்கலாம். நாளெல்லாம் கூட இருப்பவரிடம்தான் எரிச்சல் வெளிப்படும். அதை அன்புக்கு மதிப்பெண் போட்டதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

"குடும்பமா குட்டியா" என்ற வாதத்துக்கும் பதில் வேண்டும். 1 தீமோத்தேயு 5:4 பெற்றோருக்குப் பதில் நன்மை செய்யும் கடமையைப் பிள்ளைகளுக்கும் பேரன் பேத்திகளுக்கும் வைக்கிறது. மணமாகாத மகளுக்கு மட்டும் என்று அங்கே இல்லை. நாட்டுச் சட்டமும் அப்படித்தான். 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டப்படி மகன், மகள் எல்லோருக்கும் பொறுப்பு உண்டு. கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனுக் கொடுத்தால் மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகைக்கு உத்தரவிட முடியும். இதை முதல் பேச்சில் எடுக்காதீர்கள். உங்கள் கோரிக்கை பிச்சை இல்லை என்று உங்களுக்கே தெரிந்திருக்கத்தான் சொல்கிறேன். அவர்கள் மறுத்தால், தாய்மாமாவையோ, இருவரும் மதிக்கும் ஒரு பெரியவரையோ, உங்கள் சபைப் போதகரான சேகரகுருவையோ உட்காரவைத்து இரண்டாவது முறை பேசுங்கள்.

சேகரகுரு என்றதும் சபை ஞாபகம் வருகிறது. ஒன்றரை வருஷமாக ஒருவர் ஆராதனைக்கு வராதபோது சபை போய்ச் செய்யவேண்டியது பிரசங்கம் அல்ல, அந்த வீட்டில் மூன்று மணி நேரம் உட்காருவது. நீங்களே கேளுங்கள். "ஏதாவது தேவைன்னா சொல்லுங்க" என்பவர்களிடம் பொதுவாகத் தலையாட்டாமல், "மாசத்துல ஒரு வியாழக்கிழமை, ரெண்டு மணியிலருந்து அஞ்சு வரைக்கும் அம்மாகூட இருக்க முடியுமா?" என்று கேளுங்கள். பெண்கள் ஐக்கிய சங்கத்தில் நான்கு பேர் கிடைத்தால் வாரம் ஒரு மதியம் உங்களுடையது. ஐந்தாவது வியாழன் வந்தால் விட்டுவிடலாம். வருகிறவர்கள் பயப்படுவது தவறாக ஏதாவது செய்துவிடுவோமோ என்றுதான். ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்: எந்த மாத்திரை எத்தனை மணிக்கு, தண்ணீர் கொடுக்கும்போது நிமிர்த்தி உட்காரவைத்து ஸ்பூனால் கொஞ்சம் கொஞ்சமாக, சாப்பிட்டபின் அரை மணி நேரம் படுக்கவைக்கக் கூடாது, விழுந்த கையைப் பிடித்துத் தூக்கக் கூடாது, டாக்டர் நம்பர், உங்கள் நம்பர். அந்த மூன்று மணி நேரத்தில் பேங்க், ரேஷன் என்று ஓடாதீர்கள், அதற்கு வேறு நாள் பாருங்கள். ஒரு தோழி வீடு, நூலகம், வெறுமனே ஒரு நடை, எதுவானாலும் உங்களுக்கானதாக இருக்கட்டும். மாதம் ஒருமுறை வீட்டுக்கு வந்து அம்மாவுக்கும் உங்களுக்கும் திருவிருந்து (நற்கருணை) கொடுக்கும்படி சேகரகுருவிடம் கேளுங்கள். படுக்கையில் இருப்பவர்களுக்கு அப்படிக் கொடுப்பது சபையின் வழக்கம்தான், சலுகை இல்லை.

இப்போது உங்கள் மூலக் கேள்விக்கு வரலாம். தூக்கமும் துணையும் கொஞ்சம் கிடைத்தபின்பும் அம்மாவின் படுக்கை அங்கேதான் இருக்கும். 44 வயதில் கிடைத்திருக்கவேண்டிய சில விஷயங்கள் கிடைக்காமலே போயிருக்கும். அந்த எல்லைக்குள் எப்படி இருப்பது?

முதலில் அதற்காக அழுங்கள், ஆனால் கர்த்தரிடம் அழுங்கள். 13ஆம் சங்கீதம் ஆறே வசனம். முதல் இரண்டு வசனங்களில் "எதுவரைக்கும்" என்று நான்கு முறை கேட்கிறான் தாவீது. அடுத்த இரண்டில் தனக்கு வேண்டியதைக் கேட்கிறான். கடைசி இரண்டில்தான் நம்பிக்கை வருகிறது. இதே அமைப்பில் நீங்களும் எழுதுங்கள், பத்து நிமிஷம் போதும். "கர்த்தாவே, எதுவரைக்கும் நான் இந்த அறையிலேயே இருப்பேன்?" என்று உங்கள் சொந்த வார்த்தையில் இரண்டு கேள்வி. அடுத்து ஒரு விண்ணப்பம், அன்றைக்கு உரியதாக: "இன்னைக்கு ராத்திரி நாலு மணி நேரமாவது தூங்கணும்." கடைசியில், உண்மையாகச் சொல்ல முடிந்த நம்பிக்கையின் வார்த்தை ஒன்று. சொல்ல முடியாத நாளில் அந்த இடத்தைக் காலியாக விடுங்கள். 88ஆம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது, அதுவும் வேதத்தில்தான் இருக்கிறது. கேள்விகளைத் தாண்டி நேராக ஐந்தாம் வசனத்துக்குக் குதிப்பதுதான் பலரும் செய்வது. ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம் என்று சொல்லி மூடிவைத்த துக்கம் கோபமாகி, கடைசியில் அம்மாவைத் திருப்பும் கையின் வேகத்தில் வெளிப்படும்.

நன்றி சொல்வதிலும் ஒரு தப்பு வழி இருக்கிறது. "பக்கத்துத் தெருவுல அவங்களப் பாரு, உனக்கு இதாவது இருக்கே" என்று நம்மை ஆற்றுகிறார்கள். லூக்கா 18இல் மற்ற மனுஷரைப்போல நான் இல்லாததற்காக ஸ்தோத்திரம் என்று ஜெபித்தவன் பரிசேயன். இன்னொருவரின் கஷ்டத்தின்மேல் கட்டிய நன்றி, நம்மைவிட நன்றாக இருப்பவர் கண்ணில் பட்டதும் சரிந்துவிடும். காலையில் பார்ப்பது அந்தத் தெரு, மாலையில் பார்ப்பது தங்கையின் ஸ்டேட்டஸ், அளவுகோல் ஒன்றுதான். அதனால் யாரோடும் ஒப்பிடாமல், அன்று, அந்த வீட்டுக்குள் நடந்த ஒன்றே ஒன்றுக்கு நன்றி எழுதுங்கள். அம்மா இட்லியை விழுங்கும்போது புரையேறவில்லை. டியூஷன் பையனுக்குப் பின்னக் கணக்குப் பிடிபட்டது. ஒன்று போதும். பத்து எழுத முயன்றால் மூன்றாம் நாளே அது வீட்டுப்பாடமாகிவிடும்.

தங்கையைப் பற்றி. உயிர்த்தெழுந்த இயேசு பேதுருவிடம் அவன் முதிர்வயதில் எப்படிக் கொண்டுபோகப்படுவான் என்று சொன்னபோது, பேதுரு திரும்பி யோவானைப் பார்த்து, இவன் காரியம் என்ன என்று கேட்டான். "உனக்கென்ன, நீ என்னைப் பின்பற்றிவா" என்பதே பதில். கடினமான பங்கு கிடைத்தவன் பக்கத்தில் இருப்பவனைத் திரும்பிப் பார்ப்பது அப்போஸ்தலனுக்கே வந்தது. பொறாமை வந்ததை நினைத்துக் குமையாமல், அதற்குத் தீனி போடுவதை நிறுத்துங்கள். தங்கையின் ஸ்டேட்டஸை மியூட் செய்யுங்கள், அவளுக்குத் தெரியப்போவதில்லை. பதிலாக, வாரம் ஒருமுறை குரலில் பேசுங்கள். வேலை எப்படி, பிள்ளைகள் எப்படி, அங்கே என்ன கஷ்டம் என்று கேளுங்கள். ஸ்டேட்டஸில் வருவது பொறுக்கி எடுத்த நேரங்கள், குரலில் வருவது மனுஷி. அவளுக்காக ஜெபிக்கவும் அப்போதுதான் ஏதாவது தெரியும்.

எல்லைக்குள்ளே செய்யத்தக்க வேலை ஒன்று உங்களுக்கு அவசியம். பாபிலோனுக்குச் சிறையாகப் போனவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதத்தில், வீடு கட்டுங்கள், தோட்டம் நாட்டுங்கள் என்றார். சீக்கிரம் திரும்பிவிடலாம் என்று ஆசைகாட்டிய தீர்க்கதரிசிகளை நம்பவேண்டாம் என்றும் சொன்னார், ஏனென்றால் அது 70 வருஷக் காரியம். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் மருத்துவராக இருந்த மேரி வர்கீஸ் 1954இல் நடந்த கார் விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்தார். நின்று செய்யும் அறுவைச் சிகிச்சைகள் முடியாமல் போயின. தொழுநோயால் மடங்கிப்போன கைகளுக்கான அறுவைச் சிகிச்சையை உட்கார்ந்தே செய்யலாம் என்பதால், சக்கர நாற்காலியில் இருந்தபடி அதைக் கற்றுச் செய்தார். பிறகு அங்கேயே மறுவாழ்வு மருத்துவத் துறையை வளர்த்தெடுத்தார். உங்கள் மாவட்டத்து டோனாவூரில் மிஷனரி ஏமி கார்மைக்கேல் 1931இல் விழுந்து அடிபட்டபின், 1951இல் இறக்கும்வரை பெரும்பாலும் தன் அறையிலேயே இருந்து எழுதினார். இவர்களைச் சாட்சியாகச் சொல்லும்போது ஒன்றை விட்டுவிடுகிறோம். மேரி வர்கீஸைச் சுற்றி ஒரு மருத்துவமனையே இருந்தது. ஏமியின் அறையைச் சுற்றி அவரைக் கவனிக்க ஒரு பெரிய குடும்பமே இருந்தது. தனியாக யாரும் இப்படிச் சாதிக்கவில்லை, நீங்களும் தனியாக முயலவேண்டியதில்லை.

உங்கள் கைவசம் இருப்பது கற்பிக்கும் திறமை. டியூஷனைக் கூட்டச் சொல்லவில்லை, இப்போது அது முடியாது. வாரத்துக்கு இரண்டு ராத்திரித் தூக்கம் கிடைக்கத் தொடங்கி இரண்டு மாதம் கழித்து, ஒரு மணி நேர ஆன்லைன் வகுப்பு ஒன்றை எடுத்துப் பாருங்கள். உள்ளூரைவிடக் கட்டணம் கூடக் கிடைக்கலாம், அதைவிட முக்கியமாக, பழைய டீச்சரை நீங்கள் மறுபடி சந்திப்பீர்கள். அம்மா தூங்கும் நேரத்தை ஒரு வாரம் குறித்துப் பார்த்து அதற்கேற்ப வகுப்பு நேரத்தை வையுங்கள்.

நாளையைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. ஆனால் அந்தப் பயம் உள்ளே இருக்கும் என்று நினைக்கிறேன். அம்மாவுக்குப் பிறகு குடும்ப ஓய்வூதியம் என்னாகும், மணமாகாத மகளுக்கு அது தொடர வழியுண்டா, என்ன நிபந்தனை, எந்தச் சான்றிதழ் வேண்டும் என்று கருவூலத்தில் இப்போதே விசாரியுங்கள். அம்மா இருக்கும்போது வாங்கக்கூடிய காகிதங்களை இப்போதே வாங்கிவிடலாம். வீடு யார் பெயரில் இருக்கிறது, அம்மாவுக்குப் பிறகு நீங்கள் எங்கே இருப்பீர்கள் என்பதையும் அண்ணன் தங்கையோடு பேசவேண்டும். ஆனால் ராத்திரி ஆள் பற்றிப் பேசும் அதே நாளில் வேண்டாம், இரண்டும் கெட்டுவிடும். தபால் நிலையத்தில் மாதம் 100 ரூபாயிலிருந்து ஐந்து வருஷத் தொடர் வைப்புக் கணக்குத் தொடங்கலாம். 300, 500 என்று முடிந்ததை உங்கள் பெயரில் போடுங்கள். இதெல்லாம் அவிசுவாசம் இல்லை. யோசேப்பு ஏழு செழிப்பான வருஷத்தில் தானியம் சேர்த்துவைத்ததை வேதம் ஞானம் என்றுதான் சொல்கிறது.

இந்த வாரம் செய்யவேண்டியது இரண்டே காரியம்: டாக்டரிடம் உங்களைப் பற்றிச் சொல்வது, செலவுக் கணக்கை எழுதத் தொடங்குவது. அண்ணனிடம் பேசிய பிறகு, அவர் என்ன பதில் சொன்னார் என்று எழுதுங்கள். மறுத்திருந்தால், யாரை வைத்து இரண்டாவது முறை பேசுவது என்று பெயர் பெயராகப் பார்ப்போம்.